அந்தோனியாருக்கு நான் குறித்த நேரம்

ஆசிரியத் தொழிலில் பத்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல நா எழாது. இது என் அனுபவம். வகுப்பில் ஒரு பிள்ளை எசகுபிசகாகக் கேட்டால், “நல்ல கேள்வி, நாளைக்குப் பாப்பம்” என்று தப்பிவிடலாம். கலியாணம் பேசப் போன வீட்டில் பெண்ணின் தகப்பன் கேட்டால் அப்படித் தப்ப முடியாது. நானும் தப்பவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதனால் அந்தோனியார் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சேற்றில் நிற்க வேண்டி வந்தது.

நான் வட்டுக்கோட்டைக்காரன். வெங்காயமும் புகையிலையும் செய்கிற சைவக் குடும்பம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். கடலைப் படத்தில் நீல நிறம் தீட்டி அடையாளம் காட்டுவேன், அவ்வளவுதான் எனக்கும் கடலுக்குமான உறவு. அதே பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்த ஜெசிந்தா கடலோரக் குருநகரின் கத்தோலிக்கப் பெண். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் அர்த்தத்தைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் காதலில் விழுந்தேன். (அர்த்தம் ‘நீங்கள் சொல்லுறது பிழை’ என்பதுதான் என்று பிறகு தெரிந்தது.)

அவளுடைய தகப்பன் மரியதாஸ் சம்மாட்டி. சொந்தமாக வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்பவர். ‘என்ரை பிள்ளையைத் தரமாட்டன்’ என்றும் அவர் சொல்லவில்லை, தருகிறேன் என்றும் சொல்லவில்லை. “பாப்பம்” என்றார். எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது நாட்டில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் இல்லாமல்போன வருடம். குருநகரில் வள்ளங்களெல்லாம் இயந்திரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா கிடந்தன. அந்த நேரம் பார்த்து அந்தோனியார் திருநாள் வந்தது. குருநகருக்கு முன்னால் கிடக்கும் களப்பின் (கடல் உள்ளே புகுந்த ஆழமில்லாத ஏரி அது) கிழக்கே, தென்மராட்சிக் கரையில் அவருக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. சொரூபத்தைக் குருநகருக்குக் கொண்டுவந்து வர்ணம் பூசி, கொடியேற்றத்தன்று திருப்பிக் கொண்டுபோவார்கள். தரையால் சைக்கிளில் போனாலே ஒரு மணித்தியாலம்தான். ஆனால் அவர் முதன்முதலில் கடலால் வந்தவர், ஆகவே கடலால்தான் போகவேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை.

அதனால் சம்மாட்டியார் ஒரு பழைய வள்ளத்துக்குப் பாய் கட்டினார். கட்டி முடித்த மறுநாளே திருக்கை மீனின் முள் குத்திக் காலைத் தூக்கி வாங்குப் பலகையில் வைத்தபடி வீட்டோடு இருந்துவிட்டார். அவரைச் சுகம் விசாரிக்க நான் தோடம்பழத்தோடு போயிருந்தேன்.

“வள்ளத்தை மூத்தவனும் ஜெசிந்தாவும் கொண்டு போவினம். ஆனா எஞ்சின் இல்லாமல் அந்த ஓடையாலை போறதெண்டால் நேரம் பாக்கவேணும்” என்றார். “கோயில் கரைக்குக் கிட்ட, தண்ணிக்கடியிலை ஒரு சேத்துத் திட்டி இருக்கு. தண்ணி பெருகி நிக்கேக்கை மட்டும்தான் கடக்கலாம். தம்பி, உங்கடை படிப்பிலை வத்துப் பெருக்கெல்லாம் வருமோ?”

அவர் பேச்சுக்குத்தான் கேட்டார். நான் பரீட்சைக் கேள்வியாக எடுத்துக்கொண்டேன்.

“ஓம் ஐயா. அது சந்திரன்ரை ஈர்ப்பாலை வாறது. நிமிசக் கணக்காச் சொல்லலாம்.”

“அப்ப நேரத்தைக் குறிச்சுத் தாருமன்” என்றார். அவர் கண்ணில் முதல்முறையாக என்மீது ஒரு மரியாதை தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் இருந்து திட்டம் போட்டேன். கைத்தொலைபேசியில் நீர்மட்டம் காட்டும் செயலி ஒன்றை இறக்கி, வடகரையில் இருந்த ஒரு துறைமுகத்தின் கணக்கை எடுத்தேன். மூன்று நிற மைகளில் வரைபடம் கீறினேன். வள்ளம் எவ்வளவு தாழும், சொரூபத்தின் பாரம் எவ்வளவு, என் பாரம் எவ்வளவு (அதில் கொஞ்சம் குறைத்தே எழுதினேன்), தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் என்ன வேகம் வரும் என்றெல்லாம் கூட்டிக் கழித்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு நீர் உச்சம். ஒரு மணிக்கு வெளிக்கிட்டால் இரண்டு மணிக்குத் திட்டியைக் கடக்கலாம். கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன்.

ஜெசிந்தா அதை வாங்கிப் பார்த்தாள். பதில் சொல்லாமல் சிரித்தாள். பிறகு, “மூண்டரைக்கு வெளிக்கிட்டாக் காணும் எண்டு நினைக்கிறன்” என்றாள்.

“அது உங்கடை அனுபவக் கணக்கு. இது விஞ்ஞானம்” என்றேன். (ஓர் உயிரியல் ஆசிரியையிடம்! கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளிடம்! இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

சம்மாட்டியார் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, “வாத்தியார் இவ்வளவு கீறியிருக்கிறார். அவர் சொல்லுறபடி செய்யுங்கோ பிள்ளை” என்றார். கோயில் பாதிரியாரான சுவாமிக்கும் செய்தி போனது: புனிதர் இரண்டரைக்கு வந்துவிடுவார், நேரம் குறித்தவர் வட்டுக்கோட்டை வாத்தியார்.

கொடியேற்ற நாளில் வெள்ளை வேட்டி, பட்டுச் சட்டை சகிதம் வள்ளத்தில் ஏறினேன். நடுவில் அந்தோனியார், நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியபடி, புது வர்ணத்தில் மினுங்கினார். அணியத்தில், வள்ளத்தின் முன்முனையில், நான். பாய்க் கயிறு ஜெசிந்தாவின் தமையன் றெஜி அண்ணையிடம். சுக்கான் ஜெசிந்தாவிடம். பள்ளிக்கூடத்தில் சேலையோடு மட்டுமே பார்த்த பெண், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக் காற்றைப் பார்த்து, சுக்கானைக் கொஞ்சம் அசைத்தாள். வள்ளம் அவளுடைய சொல்லைக் கேட்டது. சோழகம் பின்னால் இருந்து தள்ள, சத்தமே இல்லாமல் போனோம். அப்படி ஓர் அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த மயக்கத்தில், வள்ளத்தின் அடியில் யாரோ பலமான மரக்கோல் இரண்டு எடுத்து வைத்திருந்ததையும், நீளப் பலகை ஒன்று கிடந்ததையும், நாலு பேருக்குப் போதுமான பணிசு ரொட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் இருந்ததையும் நான் ஏன் என்று யோசிக்கவில்லை.

சரியாக இரண்டு மணிக்கு, என் கணக்கு நிமிடம் பிசகாமல், திட்டிக்கு வந்தோம். கரையில் சனம் தெரிந்தது. பாய் தெரிந்ததும் வெடி கொளுத்தினார்கள். பாண்ட் வாத்தியம் தொடங்கியது. அப்போது அடியில் ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வள்ளம் நின்றது. நான் நிற்கவில்லை, அணியத்தில் முகம் குப்புற விழுந்தேன்.

“ஏறியிட்டுது” என்றாள் ஜெசிந்தா, பால் பொங்கியதைச் சொல்வது போல.

ஒரு அடித் தண்ணீர்தான். நான் ஆம்பிளை அல்லவா? அதுவும் நேரம் குறித்த ஆம்பிளை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறங்கித் தள்ளப் பாய்ந்தேன். “இறங்காதேங்கோ!” என்று அவள் கத்தியபோது நான் ஆகாயத்தில் இருந்தேன். அடுத்த கணம் தொடைவரை சேற்றில் நின்றேன். ஒரு காலைத் தூக்கப் பார்த்தால் மற்றக் கால் தாழ்ந்தது. அதைத் தூக்கப் பார்த்தால் இது தாழ்ந்தது. இடுப்புவரை போனதும் இரண்டையும் விட்டுவிட்டேன்.

“இப்ப அந்தோனியாரை விடு, முதல் வாத்தியாரை எடு” என்றார் றெஜி அண்ணை, சிரிப்பை அடக்க முடியாமல்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. பாயை இறக்கச் சொன்னாள். பலகையை எடுத்து எனக்கு முன்னால் தண்ணீரில் தள்ளினாள். “என்னைப் பாருங்கோ. பயப்பிடாதேங்கோ. நிண்டால் இன்னும் தாழுவியள். பலகையிலை வயித்திலை படுங்கோ. இரண்டு கையையும் நீட்டுங்கோ. ஆறுதலா, ஆறுதலா.”

படுத்தேன். கைகளை நீட்டினேன். என் நீட்டிய கைகளுக்கு நேரே, வள்ளத்தின் நடுவில், அந்தோனியார் நின்றார். இது கரையில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நீங்கள்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாண்ட் நின்றது. கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. சுவாமியின் குரல் தழுதழுத்து வந்தது: “அன்பான இறைமக்களே, புனிதரைக் கரைக்குக் கொண்டு வாற முன்னம், வட்டுக்கோட்டையைச் சேர்ந்த எங்கடை சைவச் சகோதரர் ஒருவர், கடலுக்குள்ளையே விழுந்து கும்பிட்டுத் தன்ரை நேர்த்தியை நிறைவேற்றுறார். எல்லாரும் முழந்தாள்படியிட்டு அவருக்காகச் செபிப்பம்.”

சனம் முழுவதும் முழங்காலில் நின்றது. நான் புழுவைப்போல ஊர்ந்து ஒவ்வொரு அடி முன்னேறும்போதும் கரையில் ஒரு ‘அருள்நிறை மரியே’ முடிந்தது.

“அண்ணை, போன் பண்ணி இது நேர்த்தி இல்லை எண்டு சொல்லுங்கோ!” என்று சேற்றிலிருந்து கெஞ்சினேன்.

“விடுங்கோ” என்றாள் ஜெசிந்தா. “அவையள் செபமாலை சொல்லட்டும். தண்ணி வாற வரைக்கும் சனம் பராக்கா இருக்கும்.”

அவளும் அண்ணனும் என்னைக் கையில் பிடித்து மேலே இழுத்தார்கள். ஒரு செருப்பு இன்னும் அந்தத் திட்டிக்குள்தான் இருக்கிறது. ஜெசிந்தா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பணிசும் தேத்தண்ணியும் ஏன் வந்தன என்று.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“உங்கடை கணக்குச் சரி. ஆனா அது வெளிக்கடலுக்கு. களப்புக்குள்ளை தண்ணி சுத்தி நுழைஞ்சு வரவேணும், அதுக்கு நேரம் எடுக்கும்” என்றாள். பக்கத்தில் வலை கட்ட நட்டிருந்த தடி ஒன்றைக் காட்டினாள். “உதிலை காஞ்சுபோன பாசிக் கோடு தெரியுதே? தண்ணி அதிலை முட்டேக்கை நாங்கள் எழும்புவம். கீழை சாதாளையைப் பாருங்கோ, கிழக்காலை சாயுது. தண்ணி உள்ளுக்கு வந்துகொண்டிருக்கு. எங்கடை வள்ளத்துக்கு ஒண்டும் ஆகாது.”

குனிந்து பார்த்தேன். கடற்புல்லெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மூன்று நிற மையில் நான் கீறிய படம் முழுவதும் அந்தப் புல்லில் இருந்தது, அதுவும் சரியான நேரத்தோடு. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு கெட்டிக்காரியைப் போய்க் காதலித்திருக்கிறேனே என்று என்மீதே எனக்கு ஒரு மதிப்பு வந்தது.

செபமாலை இரண்டு தரம் முடிந்தது. பாண்ட்காரர் தெரிந்த பாட்டையெல்லாம் மூன்று முறை வாசித்து, கடைசியில் ஏதோ கலியாண வீட்டுப் பாட்டுக்குப் போய்விட்டார்கள். நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் பாசிக் கோட்டைத் தொட்டது. வள்ளம் மெல்ல ஆடியது.

“பாயை ஏத்துங்கோ அண்ணா. சேர், நீங்கள் இந்தப் பக்க விளிம்பிலை போய் இருங்கோ. வள்ளம் சரிஞ்சால் அடி கிளம்பும். உங்கடை பாரம் இப்பதான் தேவை.”

(படத்தில் குறைத்து எழுதிய பாரம்.) போய் இருந்தேன். வள்ளம் சரிந்தது, அடி கிளம்பியது, பாய் விரிந்தது. அந்தோனியார் ஒரு கயிறும் தளராமல் கரை சேர்ந்தார். கொடியேற்றம் தடைப்படாமல் தப்பியது.

ஆனால் என் சோதனை அங்கேதான் தொடங்கியது. இறங்கியதும் எனக்கு மாலை போட்டார்கள். சேறு காய்ந்த என் கையைப் பிடித்து ஓர் அம்மா அழுதார். சுவாமி ஒலிவாங்கியை நீட்டி, “உங்கடை நேர்த்தியைப் பற்றி இரண்டு சொல்லு கதையுங்கோ” என்றார். யாரோ கைத்தொலைபேசியில் எல்லா வீடுகளுக்கும் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். சம்மாட்டியாரும் காலைத் தூக்கி வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு கும்பிட்டிருந்தால் போதும், எட்டு மாதப் ‘பாப்பம்’ அன்றைக்கே முடிந்திருக்கும். ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

“நேர்த்தி ஒண்டும் இல்லை” என்றேன். என் குரலே ஒலிபெருக்கியில் என்னைப் பயமுறுத்தியது. “நான் நேரத்தைப் பிழையாக் குறிச்சிட்டன். பிள்ளை மூண்டரை எண்டு சரியாச் சொன்னவ, நான் கேக்கேல்லை. வள்ளம் சேத்திலை ஏறினது என்னாலை. நான் படுத்தது கும்பிட இல்லை, தாழாமல் இருக்க. உங்களைக் காக்க வச்சதுக்கு மன்னிக்கவேணும்.”

ஒலிவாங்கியைச் சுவாமியிடம் திருப்பிக் கொடுத்தேன். பிறகு கையைப் பிடித்து அழுத அம்மாதான் முதலில் சிரித்தார். அதன்பின் கரை முழுவதும் சிரித்தது. சுவாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே சிரித்தார். மாலையைக் கழற்றப் போனேன், விடவில்லை.

பின்னேரம் இருட்டுமுன் தரையால் குருநகருக்குத் திரும்பினோம். சம்மாட்டியார் வாங்கில் இருந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒற்றைச் செருப்பு, சேற்று வேட்டி, வாடின மாலை.

“எல்லாம் பாத்தனான்” என்றார். குத்துப்பட்ட காலை மெதுவாகத் திருத்தி வைத்தார். பிறகு, “தம்பி, கலியாணத்துக்கு நேரம் குறிக்கிற வேலையை மட்டும் நீர் எடுக்கப்படாது” என்றார்.

“இல்லை ஐயா, இனி ஒண்டுக்கும் நேரம் குறிக்கமாட்டன்” என்று தலையைக் குனிந்து விடைபெற்றேன். அறை வாசலில் நின்ற ஜெசிந்தா ஏன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வழியில் அம்மாவின் அழைப்பு வந்தது. “நல்லூரிலை ஒரு பிரதட்டை செய் எண்டு எத்தினை வருசமாக் கேக்கிறன். அங்கை போய்ச் சேத்துக்கை உருளுறியோ?” என்று தொடங்கினார். அந்த வசைக்கும் ஓம் ஓம் என்றபடி வட்டுக்கோட்டை றோட்டில் பாதித் தூரம் சைக்கிள் மிதித்திருப்பேன். திடீரென்று பிறேக் பிடித்தேன்.

கலியாணத்துக்கு நேரம். எந்தக் கலியாணத்துக்கு?

திருப்பி மிதித்த மிதியில் சங்கிலி கழன்றது. மாட்டிக்கொண்டு, கரி பூசின கையோடு அவர்கள் வாசலில் போய் நின்றேன். குடும்பம் முழுவதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“ஐயா” என்றேன், மூச்சிரைக்க. “அப்ப… ஓமோ?”

சம்மாட்டியார் சோற்றுக் கையை உயர்த்தி மகளைப் பார்த்தார். “பாத்தியே பிள்ளை. உவருக்கு எந்தத் தண்ணியும் பிந்தித்தான் வந்து சேருது. வாரும், வந்திருந்து சாப்பிடும்.”

இப்போது எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். எந்தப் பகிடிக்கும் வீட்டில் கடைசியாகச் சிரிப்பவன் நான்தான். நான் சிரிக்கத் தொடங்கியதும் மகள் சோற்றுக் கையை உயர்த்தி, தாயிடம் பழகியபடி கேட்பாள்: “அப்ப ஓமோ?”