மஞ்சள் பஞ்சு, பச்சைக் கயிறு

சத்தம் அடைக்கக் கொண்டுவந்ததில் வலது காதுப் பஞ்சைக் காணோம். மேடையில் இன்னும் விளக்குகூட எரியவில்லை. அதற்குள் பீப்புக்கு வியர்த்துக் கொட்டியது.

பீப் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. காது ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, "பீப் கேட்டா பட்டன அமுக்குங்க" என்று வருடக்கணக்காகச் சொன்னதில் ஒட்டிக்கொண்டது. அங்கே அவனுடைய முதலாளியான டாக்டருக்குச் சத்தம் என்றாலே ஆகாது. வரவேற்பில் இருந்த பெண் இயர்போனில் பாட்டு கேட்டதற்கே வீட்டுக்கு அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவரிடம் "காது வலி சார்" என்று லீவு வாங்கிக்கொண்டு, ரயிலேறி நகரத்துக்கு வந்து, ராக் கச்சேரியில் நிற்கிறான்.

"காது வலியா? திங்கக்கிழமை நானே உனக்கு டெஸ்ட் எடுக்கறேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டான். வாய் பொய் சொல்லும், காது சொல்லாது. பெரிய சத்தம் கேட்ட காதை டெஸ்ட் எடுத்தால், வரைபடக் கோட்டில் ஒரு பள்ளம் விழும். எத்தனையோ பேருடைய பள்ளத்தைக் கண்டுபிடித்தவன் அவன்.

"டேய் மச்சான், காலுக்குக் கீழ பாருடா. மஞ்சளா இருக்கும்."

"விடுங்க மாமா!" என்றான் மனைவியின் தம்பி. "இந்த நாலு பேரும் முகம் கொடுத்துப் பேசி இருபத்தஞ்சு வருஷமாச்சு. இப்பத்தான் ஒண்ணு சேர்ந்திருக்காங்க. நீங்க பஞ்சு தேடறீங்க!"

கல்லூரியில் வாங்கிய 'நனைந்த தீக்குச்சிகள்' குழுவின் பனியனை மச்சான் இன்று மறுபடி மாட்டியிருந்தான். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

பீப் மிச்சமிருந்த ஒற்றைப் பஞ்சை, ஜோடியை இணைக்கும் பச்சைக் கயிற்றிலிருந்து பிய்த்து, பல்லால் கடித்து இரண்டாக்கி, காதுக்குப் பாதியாகத் திணித்துக்கொண்டான்.

விளக்கு எரிந்தது. ஒரு காலத்தில் தோள்வரை முடி வளர்த்து உலகத்தையே வெறுத்த நால்வரும், முழங்கால் பட்டையோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்கள். டிரம்ஸ்காரர் அடித்த முதல் அடி பீப்பின் விலா எலும்பில் விழுந்தது. முதல் வரியில் அவன் எல்லாவற்றையும் மறந்தான். கண்கூடக் கலங்கியது.

இரண்டாவது வரியில், கொஞ்சம் முன்னால் தெரிந்த மாதிரி ஒரு வழுக்கைத் தலையைப் பார்த்தான். இரண்டு காதிலும் மஞ்சள் பஞ்சு. பின்கழுத்தில் பச்சைக் கயிறு.

அந்தப் பஞ்சு எந்தக் கடையிலும் கிடைக்காது. டாக்டரே சொல்லிச் செய்யவைத்து ஆஸ்பத்திரியில் மட்டும் கொடுப்பது.

"மச்சான்! டாக்டர்டா! என்னைப் பிடிக்க வந்துட்டார்!"

"என்னது?"

"டாக்டர்!"

"டாக்டர் எதுக்கு மாமா? மனுஷன் நல்லாத்தானே பாடறார்!"

வழுக்கைத் தலை திரும்பியது. பீப் சடாரென்று குந்தினான். பின்னால் நின்ற அம்மாள், "ஐயோ, மயக்கம் போட்டுட்டார்! காத்து விடுங்க!" என்று அலற, கூட்டம் பயபக்தியோடு விலகியது. பீப் இப்போது வட்டத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க, தவளை மாதிரி உட்கார்ந்திருந்தான். எழுந்தான், ஓடினான்.

கழிவறைக்குப் போகும் நடையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், எதிரே அதே பச்சைக் கயிறு! பீப் சுவர்ப்பக்கம் திரும்பி, தீயணைப்புக் கருவியை உபயோகிக்கும் முறையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல் விர்ரென்று கடந்தது.

சட்டைப்பையில் ஃபோன் துடித்தது, மெசேஜ். டாக்டர்.

'எங்கே இருக்கிறாய்?'

'வீட்டில், படுக்கையில் சார்.'

'நிச்சயமாகவா?'

'எழுந்திருக்கவே முடியவில்லை சார்.'

'எழுந்திருக்காதே. வெளியே தலை காட்டாதே.'

மிரட்டுகிறார்! பார்த்துவிட்டுத்தான் விளையாடுகிறார்! முதலில் காதில் இருக்கும் தடயத்தை ஒழித்தாக வேண்டும். இடது காதுப் பஞ்சு சமர்த்தாக வந்தது. வலது காதில் இருந்தது வழுக்கி உள்ளே போனது. வீட்டுச் சாவியால் நெம்பினான். இன்னும் உள்ளே போனது. 'காதுல சாவி, ஊக்கு எதையும் விடாதீங்க' என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறான்! பள்ளம் இருக்கட்டும், திங்கட்கிழமை இந்தக் காதில் ஒரு பீப்கூட விழாது.

முதலுதவிக் கூடாரத்தில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு திரை. நர்ஸ் காதுக்குள் டார்ச் அடித்தாள்.

"சாவி விட்டீங்களா?"

"லேசா..."

"படிச்சவங்கதானே நீங்க? என்ன வேலை பாக்கறீங்க?"

"காது ஆஸ்பத்திரியில, சிஸ்டர்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். இடுக்கியைப் போட்டு இழுத்தாள். வந்த மஞ்சள் துண்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பீப்பை ஏற இறங்கப் பார்த்தாள்.

பீப் கையெடுத்துக் கும்பிட்டான். "சிஸ்டர், வழுக்கைத் தலையா ஒரு டாக்டர் என்னைத் தேடிக்கிட்டு வருவார். பீப் இங்க வரவே இல்லைன்னு சொல்லிடுங்க. என் வேலையே போயிடும்."

"ஓ, அந்த பீப் நீங்கதானா?" என்றாள் நர்ஸ். "உங்களுக்குப் பயந்துதாங்க, காதுல இதே மஞ்சள் பஞ்சோட ஒரு பெரியவர் திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலுக்கு அடியில படுத்திருக்கார்!"