தட்டைக் கழுவி வைத்த நாய்

1952 ஆகஸ்டு 9, சனிக்கிழமை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய் வேலைக்கு வந்தவர்களின் பெயரெடுத்தேன். பசியாறத் தோசை. (ஓரம் கருகியிருந்தது.) பிறகு ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, அதன்பின் ஆபீஸ். பிற்பகலில் பேனா முள்ளை மாற்றினேன். மழை இல்லை.

அன்றைய டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. மாலையில் நடந்ததை எழுதியிருந்தால், என்னை உள்ளே தள்ள வேறு சாட்சி வேண்டியிருக்காது.

அப்போது நான் கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மலாயாவில் கம்யூனிஸ்டுக் கலகத்தை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் காவல், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கலகக்காரர்களுக்கு அது போய்ச் சேரும் என்பதால், பால்வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூட வாசலில் திறந்து பார்ப்பார்கள்.

எங்கள் வேலிக்கு அப்பால் சீனர்கள் குடியிருந்த ஒரு கம்பம், சிற்றூர், இருந்தது. அந்த ஆட்களை ஒரே காலையில் லோரிகளில் ஏற்றி, அரசாங்கம் வேலி போட்டுக் கட்டிய புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். நாய்களுக்கு லோரியில் இடமில்லை. டவுன் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஒருவரும் அவருடைய தோழிகளும் அந்த நாய்களைப் பிடித்து வந்து, குளிப்பாட்டி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் மனைவி பாக்கியமும் ஒரு குட்டி கேட்டுப் போனோம்.

"என்ன சாப்பாடு போடுவீங்க? அடிப்பீங்களா? கட்டியே வெப்பீங்களா?" என்று மிஸ்ஸி கேட்டார். (பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் இதில் பாதிகூடக் கேட்கவில்லை.)

"என்ன ஜாதி மிஸ்ஸி?" என்றேன், விவரம் தெரிந்தவனைப் போல.

"அதோட ஆத்தாவுக்கே தெரியாது. உங்களுக்கு என்னாத்துக்கு?"

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கறுப்பும் பழுப்பும் கலந்த குட்டி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். சீசர் என்று பெயர் வைத்தேன். அது ஒருநாளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே அது விநோதமாக நடந்துகொண்டது. தோட்டத்து மேனேஜர் துரையைப் பார்த்துக் குரைக்கும். காவல்காரர்களைப் பார்த்துக் குரைக்கும். ஆனால் வெயில் தாழ்ந்ததும் எங்கள் வீட்டுப் பின்புற வேலியோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். எதிரே ரப்பர் மரங்கள், நடுவில் இருட்டு, வேறொன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து மெதுவாக வாலை ஆட்டும். யாரோ குனிந்து தடவிக்கொடுப்பதைப் போலத் தலையைத் தாழ்த்தும்.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வேலு ஒருநாள் வந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கிராணியாரே, இது முனியாண்டிதான். எல்லையில வந்து நிக்கிறாரு. நாய் கண்ணுக்குத்தான் தெரியும்."

"நிக்கட்டுமே. நம்மள என்ன செய்யுறாரு?"

"பசியோட நிக்கிறாரு. அதத்தான் யோசிக்கணும்."

அன்றே பாக்கியம் மங்குத் தட்டில் சோறும் சுட்ட கருவாடும் வைத்து, ஒரு சுருட்டையும் சேர்த்து, வேலிக்கடியில் குச்சியால் வெளியே தள்ளினாள். உள்ளே வைத்தால் போதாதா என்று கேட்டேன். "சாமி உள்ள வரணும்னா வாசல்ல அடையாள அட்டையில்ல காட்டணும்?" என்றாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். சோறு இல்லை, சுருட்டும் இல்லை. தட்டு கழுவப்பட்டு, புல்லின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேஷன் அரிசியில் தினமும் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்பவில்லை. (பகலில் மட்டும்.)

அந்தச் சனிக்கிழமை மாலை, ஊரடங்குக்குச் சற்று முன்பு, துரையோடு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஒருவர் வேலியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மாணிக்கம். அதிகாரி எங்கள் வீட்டுப் பின்புறம் நின்று, வெளியே கவிழ்ந்திருந்த தட்டைப் பிரம்பால் புரட்டினார்.

"இது யாருடையது?"

"நாயுடையது, ஐயா."

"சுத்தமாக இருக்கிறதே. யார் கழுவினார்கள்?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சாமி தட்டைக் கழுவாது. கழுவியது ஓர் ஆள். சோறு போட்டவர்களுக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஆள். இத்தனை நாளாக எங்கள் லயமே சேர்ந்து அந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறது. தெரிந்தால் நான், பாக்கியம், பக்கத்து வீடுகள் எல்லாரும் கம்பிக்குள்தான்.

"நாய்தான் ஐயா கழுவும். பழக்கியிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாணிக்கம் என் காதருகே முனகினார். "கிராணியாரே, பொய் சொன்னாலும் அளந்து சொல்லுங்க லா."

"கழுவச் சொல்" என்றார் அதிகாரி.

"சீசர், வாஷ்" என்றேன்.

சீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மரங்களைப் பார்த்து வாலை ஆட்டத் தொடங்கியது. கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று நின்றன. நாயின் மடிந்த காது மெல்ல நிமிர்ந்தது. இருட்டுக்குள்ளிருந்து மெல்லிய சீட்டிச் சத்தம் வந்தது, பழகிய நாயைக் கூப்பிடுவதைப் போல.

அதிகாரியின் கை துப்பாக்கிக்குப் போனது. "யார் அது?"

"நான்தான் ஐயா."

"மறுபடி அடி."

எனக்கு ஜென்மத்தில் சீட்டி அடிக்கத் தெரியாது. உதட்டைக் குவித்து ஊதினேன். வெறும் காற்று வந்தது. இன்னும் பலமாக ஊதினேன். எச்சில் தெறித்து அவருடைய பூட்ஸில் விழுந்தது. மாணிக்கம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டார். அதிகாரி வெகுநேரம் மரங்களையே பார்த்தார். அங்கே ஒன்றும் அசையவில்லை. ஆனால் அங்கிருந்தும் யாரோ எங்களைப் பார்ப்பது என் பிடரிக்குத் தெரிந்தது.

துரைதான் பேசினார். "இவனுக்குக் கணக்கு மட்டும்தான் வரும். மற்றதில் மடையன்."

என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிபாரிசு அதுதான். அதிகாரி துப்பாக்கியை விட்டார். "நாளை மாலை வருவேன். நாய் தட்டைக் கழுவ வேண்டும், நீ சீட்டி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் என்னோடு வருவீர்கள்."

அவர்கள் போனதும் தட்டை உள்ளே இழுத்து வைத்தேன்.

"சாமி பட்டினி கெடக்குமே" என்றாள் பாக்கியம்.

"சாமிய சுட்டுப்புடுவாங்க. நம்மள உள்ள தள்ளிடுவாங்க. பேசாம படு."

அதிகாரி மறுநாள் வரவில்லை. அவரை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு மாணிக்கம் சொன்னார். சீசர் எங்களோடு நெடுங்காலம் இருந்தது. இன்றைக்கும் நான் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்து எழுந்தால், பாக்கியம் பிள்ளைகளைப் பார்த்து, "நம்ம வீட்டு நாயே கழுவி வெச்சிச்சு, உங்கப்பாவுக்கு என்னா கேடு?" என்பாள். பேரன்கூட இப்போது அதைச் சொல்கிறான்.

ஆனால் அதிகாரி வரமாட்டார் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குத் தெரியாதே. எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாகப் பின்புறம் போய் நின்று சீட்டி அடிக்கப் பழகினேன். சீசர் எதிரே உட்கார்ந்து பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து பாக்கியம், "நாக்க மடிச்சு ஊதுங்க" என்றாள். மடித்து ஊதினேன். கடைசியில் மெல்லியதாக, கோணலாக, ஒரு சத்தம் வந்தது.

மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது.