கோட்டில் விழுந்த தீவு

திருச்சி மாநகரத்தில் இதுவரை போடப்பட்ட நேர்கோடு ஒன்றே ஒன்றுதான். அதைப் போட்டவர் எங்கள் கல்லூரி மார்க்கர். மற்றதெல்லாம் ஏதோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும் கிறுக்கல்கள் என்பது அவர் கருத்து. பத்து வருஷம் அவர் போட்ட கோடுகளைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

மார்க்கர் என்பது பதவியின் பெயர். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது, நெட் கட்டுவது, பந்துகளை எண்ணி அலமாரியில் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் கிளார்க்குக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் கிடையாது.

ஒருமுறை பிரின்சிபால் அவசரமாக மைதானத்தின் குறுக்கே நடந்துவிட்டார்.

"சார், கோட்டை மிதிச்சிட்டீங்க."

"ஓ, சாரி மார்க்கர்."

"சாரி இருக்கட்டும் சார். திரும்பிப் போயி சுத்தி வாங்க."

பிரின்சிபால் திரும்பிப் போய்ச் சுற்றி வந்தார். அதற்குப் பிறகு கோடே இல்லாத விடுமுறை நாட்களிலும் அவர் சுற்றித்தான் போவார். எங்கள் மைதானத்து நாய்கூடக் கோடு வந்தால் தாண்டிக் குதிக்கும். பி.டி. சார் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்குக் கூட்டம் முண்டியடித்தபோது, மார்க்கர் மண்டபத்து வாசலில் கோடு கிழித்து நிறுத்தினார். கோட்டை மிதித்து நின்ற சம்பந்தி வீட்டார் மூன்று பேருக்குப் பாயசம் கிடைக்கவில்லை என்று பேச்சு.

நான் பூப்பந்து அணியில் இருந்தேன். ஐந்து பேர் ஆடுவார்கள், ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பவர்களில் கடைசி ஆள் நான். மஞ்சள் கம்பளிப் பந்து அழுக்காகாமல் பார்த்துக்கொள்வதும் தண்ணீர் கேனைத் தூக்குவதும் என் ஆட்டம்.

எங்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஜென்ம விரோதிகளோடு மோதல் உண்டு. காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் இருந்த கல்லூரி அது. மார்க்கர் வாயில் அதற்குப் பெயரே கிடையாது, வெறும் 'அக்கரை'தான். அந்த மோதலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவர்கள் டவுன் பஸ்ஸில் போகலாம். தோற்றவர்கள் காவிரிப் பாலத்தை நடந்தே கடக்க வேண்டும். சொந்த மைதானத்தில் தோற்றால் இன்னும் கேவலம், அந்தக் கரை வரை போய்த் திரும்பி வர வேண்டும். தோற்றவர்கள் நடுவழியில் நைசாக பஸ் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள, ஜெயித்த கல்லூரி மார்க்கர் கூடவே நடந்து வருவார். எங்கள் காலத்தில் நடந்தது பெரும்பாலும் நாங்கள்தான். என் கால் சதை இன்றைக்கும் கல்லு மாதிரி இருப்பதற்குக் காரணம் விளையாட்டு இல்லை, தோல்வி.

இதில் ஒரு சங்கதி உண்டு. அக்கரை மார்க்கரின் தங்கையைத்தான் எங்கள் மார்க்கர் கட்டியிருந்தார். மச்சான் மாப்பிள்ளை இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம். சொத்துத் தகராறா என்றால் இல்லை. ஒரு பந்து.

பேச்சு நின்ற அந்த வருஷம், மோதலின் கடைசி பாயிண்டில் அக்கரைப் பையன் அடித்த பந்து பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. கோட்டில் பட்டிருந்தால் உள்ளே, அக்கரைக்கு வெற்றி. லைன் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மார்க்கர் "அவுட்!" என்று கையை விரித்தார். மச்சான் ஓடி வந்தார். "சுண்ணாம்பு கலைஞ்சிருக்கும், காட்டு!" ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் மார்க்கர் அந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு தூவிக் கோட்டைச் சரி செய்துவிட்டார். பந்தையும் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக் குழம்பும் தூக்குவாளியில் பாலத்தைக் கடக்கும், பேச்சு மட்டும் கடக்காது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். அப்போதும் பேசுவது எங்கள் மூலமாகத்தான்.

"தம்பி, உங்க மார்க்கருக்குச் செருப்பு வார் அறுந்து தொங்குது, சொல்லு."

"டேய், அறுந்தது என் செருப்புன்னு அவர்கிட்ட சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் கேனோடு நான் தபால்காரன்.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நிர்வாக வசதிக்காகப் பல்கலைக்கழகம் விளையாட்டு மண்டலங்களை மாற்றி அமைக்கிறதாம். காவிரிக்குத் தெற்கே உள்ள கல்லூரிகள் முதல் மண்டலம், வடக்கே உள்ளவை இரண்டாம் மண்டலம். எங்களுக்கு இனி மணப்பாறை, புதுக்கோட்டைப் பக்கம். அக்கரைக்கு லால்குடி, துறையூர்ப் பக்கம். இரண்டு பேரும் மண்டலத்தில் முதலாவதாக வந்தால்தான் மோத முடியும். நாங்கள் முதலாவதாக வந்தது கேன்டீன் வரிசையில் மட்டும்தான்.

மார்க்கர் என் போனை வாங்கிப் பார்த்தார். "கோடு போடத் தெரியாதவன் போட்ட கோடுடா இது" என்றார். மறுநாள் ஒரு மூட்டை சுண்ணாம்போடு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். மூட்டையைத் தூக்க நான்.

விளையாட்டுப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் வெளியே வருவதற்குள், அந்தக் கட்டடத்து வாசலில் மாவட்டமே வரைந்து முடிந்திருந்தது. மேற்கே முக்கொம்பு, அங்கிருந்து காவிரியும் கொள்ளிடமும் இரண்டாகப் பிரிந்து ஓட, நடுவில் தீவு, அதில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். பாலத்துக்குத் தனிப் பட்டை.

"யாருய்யா இது வாசல்ல..."

"சார், லால்குடி மேல நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். அதிகாரிகளுக்கு மார்க்கர் குரல் அப்படி.

"சார், நீங்களும் பூப்பந்து ஆடினவர்தான். கோட்டுல விழுந்தா உள்ளயா, வெளியவா?"

"உள்ள."

"ஆத்தைக் கோடுன்னு போட்டிருக்கீங்க. ஆறு முக்கொம்புல ரெண்டாப் பிரியுது. இந்தக் கையும் ஆறு, அந்தக் கையும் ஆறு. நடுவுல இருக்கு ஸ்ரீரங்கம். அப்ப அது வடக்கயும் இல்ல, தெக்கயும் இல்ல. கோட்டு மேலயே இருக்கு. கோட்டுல இருந்தா உள்ள. எங்க மண்டலத்துக்கு உள்ள."

ஒருங்கிணைப்பாளர் வரைபடத்தை இரண்டு முறை சுற்றி வந்தார், எந்த ஊரையும் மிதிக்காமல். "மார்க்கர், நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா போர்ட்டல்ல ஏத்தியாச்சு. இனிமே ரங்கநாதரே எழுந்து வந்தாலும் மாத்த முடியாது."

திரும்பும் பஸ்ஸில் மார்க்கர் காலிச் சாக்கை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"விடுங்கண்ணே. அவங்க கூட ஆடலன்னா நமக்கு நடை மிச்சம்."

"அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. வருஷா வருஷம் சொல்லிடணும்னுதான் பாலத்துல ஏறுவேன். சொல்லாமயே இறங்கிடுவேன். பாலத்தை இன்னும் கொஞ்சம் நீளமாக் கட்டியிருந்தா சொல்லியிருப்பேன்."

"வீட்டுக்கே போயிச் சொல்லலாமேண்ணே?"

"வீட்டுக்குப் போயிச் சொன்னா மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆயிடும்டா. பாலத்துலன்னா பேச்சோட பேச்சாப் போயிடும்."

அந்தப் பந்து விஷயம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து மார்க்கர் வேறு ஆளாகிவிட்டார். இரண்டு கல்லூரியும் மண்டலத்தை ஜெயித்தாக வேண்டும். காலை ஐந்தரைக்கு எங்களை எழுப்பி ஓடவிட்டார். அது போதாதென்று, லால்குடியில் அக்கரையின் முதல் ஆட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஜென்ம விரோதிகளுக்கு ஆதரவாகக் கத்தினார். ஆதரவாகக் கத்திப் பழக்கமில்லாததால் அது திட்டாகவே வெளியே வந்தது. "டேய் அக்கரை! காலை நகத்துடா எருமை! அடிடா, சோறுதானே திங்கற!" அந்தப் பையன்கள் மிரண்டுபோய் ஜெயித்தார்கள். தூரத்தில் நின்ற மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களையே பார்த்தார். இவர் சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

எங்கள் முதல் ஆட்டத்தில் எதிரணி வேன் வழியில் படுத்துவிட, ஆடாமலே ஜெயித்தோம். அடுத்த சனிக்கிழமை மணப்பாறையில் அரையிறுதி. எதிரணிப் பையன்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். "நல்லா ஆடுனீங்கண்ணா" என்று சொல்லிச் சொல்லியே எங்களைத் தரைமட்டமாக்கினார்கள். அப்படிப்பட்டவர்களைத் திட்டவும் முடியாமல் மார்க்கர் தவித்துப்போனார்.

"அக்கரை என்னாச்சுடா?"

போனைப் பார்த்தேன். அந்த அணிப் பையன் ஸ்டேட்டஸில் அழும் பொம்மை வைத்திருந்தான். "துறையூர்ல அவங்களும் தோத்துட்டாங்கண்ணே."

மார்க்கர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். வேன் திருச்சிக்குள் நுழைந்ததும், கல்லூரிக்குத் திரும்பாமல் நேரே பாலத்துக்கு விடச் சொன்னார்.

"இறங்குங்கடா. தோத்தவன் நடக்கணும்."

"அண்ணே, நாம தோத்தது மணப்பாறையிலண்ணே!"

"அது பாலத்துக்கு எப்படித் தெரியும்? நட!"

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே பாதிப் பாலம் போயிருப்போம். எதிரே மஞ்சள் ஜெர்சியில் பத்துப் பேர், எங்களைப் போலவே முணுமுணுத்தபடி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மச்சான். அவருக்கும் அதே சட்டம்.

இரண்டு மார்க்கர்களும் நின்றார்கள். இரண்டு பேரும் தோற்றவர்கள், யாருக்கு யார் காவல் வருவது என்று தெரியவில்லை. மச்சான் வழக்கம்போல என்னைப் பார்த்து, "தம்பி, உங்க மார்க்கர்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

எங்கள் மார்க்கர் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, காக்கி பேன்ட் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து நீட்டினார். "மச்சான், அன்னைக்குக் கோட்டுலதான் விழுந்துச்சு."

பதினோரு வருஷத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

மச்சான் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் என்பதே அதில் இல்லை, முழுக்க வெள்ளை. "இதை எங்கய்யா வச்சிருந்த?"

"சுண்ணாம்பு டப்பாவுல."

"சுண்ணாம்பு டப்பாவுல வச்சா எந்தப் பக்கம் கோட்டுல பட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்."

மச்சான் பந்திலிருந்த சுண்ணாம்பை ஊதிவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இல்ல மாப்ள. அவுட்டுதான்" என்றார்.

"உள்ள மச்சான்."

"அவுட்டுங்கறேன்ல! கோட்டுக்கு ஒரு விரக்கடை வெளிய!"

"நான் போட்ட கோடு எனக்குத் தெரியாதா?"

கைகலப்பாகிவிடும் போலிருந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நாங்கள் இருபது பேரும் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். அக்கரை அணியின் கடைசி ஆள், என்னைப் போலவே தண்ணீர் கேன் தூக்குகிறவன், எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தான்.

மண்டலம் இன்னும் மாறவில்லை. இரண்டு கல்லூரியும் மோதுவதே இல்லை, இப்போதைய பையன்களுக்கு அக்கரை என்றால் என்னவென்றும் தெரியாது. ஆனால் மார்க்கர்கள் இருவரும் மாதத்தில் ஒரு நாள் பாலத்தில் நடக்கிறார்களாம். ஒருவர் உள்ளே என்கிறார், ஒருவர் அவுட் என்கிறார்.

நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். வழியில் எங்கே சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாலும் சுற்றித்தான் போகிறேன். கூட வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். எங்க மார்க்கர் திட்டுவாருங்க, என்பேன்.