துண்டு போட்ட முயலும் எட்டு மணி நேர லவுஞ்சும்

ஒரு காட்டுல ஒரு ஏர்போர்ட் இருந்துச்சு. காட்டுல எதுக்கு ஏர்போர்ட்னு கேக்காதீங்க, கதைன்னா அப்படித்தான். ஃப்ளைட்டுன்னா பெரிய சைஸ் கூழைக்கடா. அலகைத் திறக்கும், கீழ தொங்குற பைக்குள்ள ஏறி உக்காரணும், மூடும், பறக்கும். அவ்வளவுதான்.

அங்க காலைல ஏழு மணிக்கு வெள்ளைச்சாமிங்கிற முயல் வந்து இறங்கினான். கையில ஒரு மூட்டை கேரட், தோள்ல ஒரு பச்சைத் துண்டு. அவன் அக்கா பொண்ணு மல்லிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும். அதுவும் முயல் வீட்டுக் காதுகுத்து, பாதி உடம்பே காதுதானே, எவ்வளவு பெரிய விசேஷம்னு பாத்துக்கோங்க.

முகூர்த்தம் சாயங்காலம் அஞ்சு மணி. அடுத்த ஃப்ளைட் மூணு மணி. நடுவுல எட்டு மணி நேரம் சும்மா.

அக்கா போன் பண்ணா. "டேய், உன் மச்சான் காலைலயே நக்கலை ஆரம்பிச்சுட்டாரு. உன் தம்பி வர்றானா, இல்ல அவன் தாத்தா மாதிரி வழியில படுத்துட்டானான்னு கேக்குறாரு."

"அந்த ரேஸை இன்னும் விடலையா அவரு?"

"எவன்டா விடுவான்? நீ வரலைன்னா அவரு தம்பி மடியில வெச்சுக் குத்திருவாங்களாம். அப்புறம் இந்த வீட்ல நான் வாயே திறக்க முடியாது. தூங்கித் தொலைச்சிராத."

"சத்தியமா கண்ணை மூட மாட்டேன்க்கா."

டிக்கெட்டோட ஒரு லவுஞ்ச் கூப்பன் ஓசியா வந்திருந்துச்சு. உள்ள போனா வாசல்ல மயில் மேடம். "சார், இங்க ஃப்ளைட் அறிவிப்பு கேக்காது. தூங்குறவங்கள யாரும் எழுப்பக் கூடாது, அது எங்க ரூல். நல்லா ரிலாக்ஸ் பண்ணுங்க."

எவ்வளவு டேஞ்சரான இடம் பாருங்க. ஏசி. இட்லி எத்தனை வேணாலும். நடுவுல சக்கரம் வெச்ச மசாஜ் சோபா, ஸ்விட்ச் போட்டா முதுகை அமுக்குது.

பக்கத்துல சொக்கலிங்கம்னு ஒரு ஆமை காபி குடிச்சிட்டு இருந்தாரு. அவரும் அதே காதுகுத்துக்குத்தான் போறாரு. ரேஸ்ல ஜெயிச்சவரோட பேரன் வேற.

"தம்பி, நான் இப்பவே கேட்டுக்கு நடக்க ஆரம்பிக்கிறேன்."

"அண்ணே, மணி எட்டுதான் ஆகுது."

"எங்க தாத்தா வாங்கின கப்பு இன்னும் வீட்ல இருக்கு தம்பி. நீ படுத்துக்கோ. உங்க குடும்பத்துக்குப் பழக்கம்தானே."

வெள்ளைச்சாமிக்குச் சுருக்குனுச்சு. நின்னுக்கிட்டே இட்லி தின்னான். ஆறு காபி குடிச்சான். பதினோரு மணிக்குக் கண்ணு சொருகிருச்சு. அப்பதான் கண்ணாடி வழியா பாக்குறான், அவன் ஃப்ளைட் சீக்கிரமே வந்து நிக்குது. காத்தாடட்டும்னு அலகை ஆவுன்னு திறந்து வெச்சிருக்கு.

மூளை பளிச்சுனு வேலை செஞ்சுச்சு. ஊர்ல பஸ்ஸுல எப்படி சீட் பிடிப்போம்? ஜன்னல் வழியா துண்டைப் போட்டா சீட் நம்மது, எமனே வந்தாலும் ஓரமா நின்னுதான் வரணும். ஒரே ஓட்டம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு துண்டைச் சுருட்டி வீசினான். பைக்குள்ள ஓர சீட்ல கரெக்டா போய் விழுந்துச்சு.

"அப்பாடா, ஏறியாச்சு"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்து, சோபாவுல சாஞ்சு, ஸ்விட்சைப் போட்டான். அஞ்சு நிமிஷத்துல குறட்டை.

மணி மூணு. எல்லாரும் ஏறியாச்சு. ஏழு மணி நேரம் நடந்து சொக்கலிங்கமும் கரெக்டா ஏறிட்டாரு. துண்டு மட்டும் இல்லைன்னா, வராதவன் வராம போகட்டும்னு கூழைக்கடா கிளம்பியிருக்கும்.

"யாரு துண்டு இது? பொருள் ஏறி ஆள் ஏறலைன்னா நான் அலகை மூடக் கூடாது."

"தூக்கி வெளிய போட வேண்டியதுதானே?" இது ஒரு நரி.

பை முழுக்க எல்லாரும் நரியைத் திரும்பிப் பாத்தாங்க. ஒரு எருமை மெதுவா கேட்டுச்சு. "ஏம்பா, துண்டு போட்ட எடத்துல கை வைக்கலாமா? நீ எந்த ஊரு?"

நரி தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

ஏறாத ஆளைத் தேடி செக்யூரிட்டி காட்டுப்பன்னிங்க நாலு பேரு லவுஞ்சுக்கு ஓடுனாங்க. மயில் மேடம் குறுக்க நின்னாங்க. "எழுப்பக் கூடாது சார். ரூல்."

"மூடக் கூடாதுன்னு அங்க ரூல், எழுப்பக் கூடாதுன்னு இங்க ரூல். இப்ப என்னதான் பண்றது?"

சோபாவோட உருட்டிட்டுப் போனாங்க. கேரட் மூட்டை லவுஞ்சுலயே கிடந்துச்சு.

நாலு அம்பதுக்குத் தரை இறங்குச்சு. சோபாவை அப்படியே மண்டபத்துக்குள்ள தள்ளி விட்டாங்க. மடி ரெடியா இருந்துச்சு, மல்லியை உக்கார வெச்சாங்க, குத்துனாங்க. அவ போட்ட கத்துல வெள்ளைச்சாமி முழிச்சு, "போர்டிங் ஆரம்பிச்சாச்சா?"ன்னான்.

யாருக்கும் அது காதுல விழல. மச்சான் சோபா ஸ்விட்சை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு இருந்தாரு. "சீருன்னா இதான்டா சீரு. என் தம்பியும் இருக்கானே, வெறும் கையோட."

அக்கா ஊருக்கே கேக்குற மாதிரி வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சா. நிறுத்தவே இல்ல.

சொக்கலிங்கம் ஏர்போர்ட் வாசலைத் தாண்டி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது மூணாம் நாள். பந்தல் பிரிச்சுட்டு இருந்தாங்க.

நீதி: தூங்கினா தோத்துருவோம்னு யாரும் பயப்பட வேண்டாம். உங்க துண்டு முழிச்சிருந்தா போதும்.