சுளுக்காத கால்

“உங்க ஷூவைப் போட்டுக்கிட்டு ஆளு ஓட முடியுதும்மா. இதுல இருக்கிற குறையே அதுதான்.”

பரிசோதனை அதிகாரி சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் ஷூக்காரம்மா நான்காவது முறையாகச் சொல்லிக் காட்டினாள். அவளுடைய வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே, “ஓடறதுக்குத்தானே ஷூ?” என்றார்.

“அதைத்தான் நானும் கேட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“‘அது உங்க அபிப்பிராயம்’னார். எழுதியே குடுத்துட்டார், பாருங்க.”

எழுதித்தான் கொடுத்திருந்தார். ‘மேற்படி காலணியை அணிந்த நபர் நடப்பதும் ஓடுவதும் குதிப்பதும் நேரில் கண்ணுறப்பட்டபடியால், மேற்படி காலணி கணுக்காலின் அசைவைக் கட்டுப்படுத்துவதாகக் கருத இடமில்லை’ என்று, அடியில் மூன்று கையெழுத்துகளுடன்.

வாத்தியார் சிரித்துவிட்டார்.

“சிரிங்க. தேர்வு ஆட்டத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. ஆடப்போறவ எனக்கு மட்டும் பொண்ணு இல்ல.”

ஷூக்காரம்மா என்பது தெருவில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக ஷூ தொழிற்சாலையில் அட்டையில் அளவு வெட்டும் அறையில் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் பாதத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகம். அவளுடைய ஒரே மகள் பதினேழு வயதுக் கூடைப்பந்துக்காரி. குதித்துவிட்டுத் தரையில் இறங்கும்போது வலது கணுக்கால் உள்பக்கமாகப் புரண்டு, இரண்டு தடவை வீங்கிப் படுத்துவிட்டாள். “மூணாவது தடவை புரண்டுச்சுன்னா, கூடைப்பந்தை டிவியில பார்த்துக்க வேண்டியதுதான்” என்று டாக்டர் சொன்னதை ஷூக்காரம்மா தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

மகளின் காலைச் சமையலறை ஸ்டூலில் தூக்கி வைத்து, மாவுக்கட்டில் அச்செடுத்து, ஐந்து மாதத்தில் ஒரு ஜோடி ஷூ செய்தாள். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் உயரம். இரண்டு பக்கமும் விறைப்பான தகடு. கணுக்கால் எலும்புக்கு நேராக ஒரு கீல். முன்னும் பின்னும் பாதம் இஷ்டத்துக்கு மடங்கும். பக்கவாட்டில் புரளப் பார்த்தால் தகடு விடாது. கெடுதலான அசைவுக்கு மட்டும் தடை, மற்றதற்கெல்லாம் சுதந்திரம். மகள் அதைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஓடினாள், குதித்தாள், ஒருத்தியை இடித்துத் தள்ளிவிட்டுத் திட்டும் வாங்கினாள். கால் ஒரு தடவைகூடப் புரளவில்லை.

உலகம் ஒழுங்காக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அணித் தேர்வு ஆட்டத்தில் ஆடுகிறவர்கள், கணுக்கால் நலப் பரிசோதனை அலுவலகத்தின் சான்று பெற்ற காலணியைத்தான் அணிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது.

அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னல் திறக்க வராத ஓர் அறையில், தரநிலைக் கால் இருக்கிறது. உலகத்துக் கால்களுக்கெல்லாம் முன்மாதிரியாக வைக்கப்பட்ட மரக்கால். முதல் வருடம் பாதம் வாங்கினார்கள். இரண்டாம் வருடம் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி வாங்கினார்கள். நடுவில் ஒரு மூட்டு தேவைப்படும் என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதாததால், தச்சர் வந்து இரண்டையும் ஒட்டி, நீளமான ஆணி நாலு அடித்துவிட்டுப் போனார். ஒரு இயந்திரம் அந்தக் காலைப் பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு புரண்டது என்று முள் காட்டும்.

முதலில் வெறும் காலைத் தள்ளினார்கள். முள் பூஜ்யம் காட்டியது. பிறகு ஷூக்காரம்மாவின் ஷூவை மாட்டித் தள்ளினார்கள். அப்போதும் பூஜ்யம்.

“பார்த்தீங்களாம்மா, ஷூ போடாதப்பவும் கால் அசையல. உங்க ஷூ போட்டப்பவும் அசையல. அப்ப உங்க ஷூ என்ன வேலை செஞ்சுது?”

“சார், அந்தக் கால்ல மூட்டே இல்லையே.”

“மூட்டு இருந்தா ஆடிடும்மா. ஆடினா அளவு எப்படிச் சரியா வரும்?”

“நிஜக் கால்ல மாட்டிப் பாருங்க சார். பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

மகள் ஷூவை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் ஒரு ஓட்டம் ஓடி, தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். வழியில் இரண்டு குமாஸ்தாக்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது சொன்னதுதான் மேலே சொன்ன குறை.

“கெடுதலான அசைவை மட்டும்தானே சார் தடுக்கணும்?”

“எந்த அசைவு கெடுதல்னு, அசையறதுக்கு முன்னாடியே எப்படிம்மா தெரியும்? எதையும் அனுமதிக்காம இருக்கிறதுதான் பாதுகாப்பு. இந்த ஆபீஸ் இத்தனை வருஷமா ஒரு தப்பும் பண்ணாம இருக்குன்னா, எப்படின்னு நினைக்கிறீங்க?”

பிறகு, கோயில் சிலையைக் காட்டுவது போல மரக்காலைக் காட்டினார். “பதினோரு வருஷமா இந்தக் கால் இங்க நிக்குது. ஒரே ஒரு நாள் சுளுக்கியிருக்கான்னு கேளுங்க.”

“அது மரம் சார்.”

“குறை சொல்றது சுலபம். உங்க பொண்ணு காலுக்குப் பதினேழு வயசு, ரெண்டு தடவை சுளுக்கு. இந்தக் காலுக்குப் பதினோரு வயசு, சுளுக்கே இல்ல. எது நல்ல கால்னு நீங்களே சொல்லுங்க.”

ஷூக்காரம்மாவுக்கு வாய் ஓயாது என்று தொழிற்சாலையிலேயே பெயர். அன்றைக்கு அவள் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு மகளோடு படியிறங்கிவிட்டாள். வீட்டில் நாலு தடவை சொல்லிச் சொல்லி மாய்ந்ததற்கு அதுதான் காரணம்.

வாத்தியார் பேனாவை மூடினார். “இதுக்கு ஏன் இவ்வளவு கத்துறே? அந்தக் கீல்ல ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கிடு. கால் அசையாது. சான்று வாங்கு. வீட்டுக்கு வந்து ஸ்க்ரூவைக் கழட்டிடு. பரீட்சைக்குப் படிக்கிறதும் பரீட்சை முடிஞ்சதும் மறக்கிறதும் நாம பார்க்காததா?”

“வாத்தியார் பேசற பேச்சா இது?”

“வாத்தியாருக்குத்தானே தெரியும்.”

மறு வாரம் மகள் அதே தாழ்வாரத்தில், பெட்டியில் இருந்து எடுத்த காம்பஸ் போல, ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றிச் சுழற்றி வைத்து நடந்தாள். தூணை அடைய ஆறு நிமிடம் ஆயிற்று. குமாஸ்தாக்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அதிகாரி கைதட்டியே விட்டார். “அப்படியே நம்ம கால் மாதிரியே நடக்குதும்மா உங்க பொண்ணு.”

சான்றிதழ் அன்றைக்கே கிடைத்தது. கூடவே, சிவப்பு அரக்கை உருக்கி, கீலில் இருந்த ஸ்க்ரூ தலைமேல் ஊற்றி, அதன்மேல் அலுவலக முத்திரையை அழுத்தினார்கள்.

“அந்த எடத்துல எதுக்கு சார் சீல்? அடியில வைங்களேன்.”

“பாதுகாப்பே அந்த ஸ்க்ரூதானேம்மா. ஷூவுக்கு சீல் வச்சு என்ன பிரயோஜனம்?”

முத்திரை உடைந்தால் சான்று ரத்து, ஆட்டக்காரியும் தகுதி நீக்கம் என்று பின்குறிப்பில் இருந்தது.

“இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிம்மா குதிக்கிறது?” என்றாள் மகள், வீட்டு வாசலில் பக்கவாட்டாக நுழைந்தபடி.

“குதிக்காம ஆடு.”

“கூடைப்பந்தா?”

“போய்ப் பேசறேன்டி. இந்த அநியாயத்தை விடறதா இல்ல.”

உண்மையிலேயே பேசத்தான் போனாள். ஆனால் போன அன்றைக்கு அலுவலக இயக்குநரே அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். தரநிலைக் காலுக்கு இவ்வளவு ஒத்துப்போகிற காலணி இதுவரை வந்ததே இல்லையாம். ஆகவே தேர்வு ஆட்டத்தில் ஆடும் எல்லாரும் இதையே அணிய வேண்டும் என்று உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. மறுநாள் ஷூக்காரம்மா வேலைக்குப் போனபோது, அட்டை வெட்டும் மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஷூக்காரம்மாவுக்குத் தனி அறை, கதவில் ‘தலைமை வடிவமைப்பாளர்’ என்று பலகை, சுழல்கிற நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக ஸ்டூலில் உட்கார்ந்த உடம்பு அந்த நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தது. ஸ்க்ரூவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எல்லாருக்கும் அதே ஷூ என்றால் மகளுக்கு மட்டும் நஷ்டமில்லையே என்றும் நினைத்தாள். இப்படி நினைக்க ஆரம்பித்தால் நிறைய நினைக்கலாம்.

அதற்குள் இயக்குநர் ஒரு விழாவுக்கு அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனார். மெதுவாக, விறைப்பாக, யாருக்காகவும் அவசரப்படாமல் மேடை வரைக்கும் நடந்ததைப் பார்த்தவர்கள், பெரிய மனுஷ நடை என்றால் இதுதான் என்று தெரிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் வங்கி மேலாளர் போட்டார். அதற்கடுத்த வாரம் புடவைக்கு ஏற்ற நிறத்தில் வந்தது. ஓடிப் பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்குத்தான் கணுக்கால் மடங்க வேண்டும், நமக்கெதற்கு என்பது நாகரிகம் ஆயிற்று. சான்று இல்லாதவர்கள் கடையில் சிவப்பு அரக்கு வாங்கித் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டம்மா, ஷூக்காரம்மாவையே நிறுத்தி வைத்து, “நீங்க இன்னும் கணுக்காலை ஆட்டிக்கிட்டா நடக்கறீங்க?” என்று கேட்டாள். மறுநாளிலிருந்து ஷூக்காரம்மா ஆட்டவில்லை.

வாத்தியாரும் போட்டுக்கொண்டார். வகுப்பில் கீழே விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுக்க முடியாததால் புதிது எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் கரும்பலகையைவிடத் தரை வெள்ளையாகிவிட்டது.

தேர்வு ஆட்டத்தன்று உள்விளையாட்டு அரங்கில் இடமில்லை. பார்வையாளர்கள் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, ஒருவரை ஒருவர் மேலே இழுத்துப் போட்டு, படிகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கீழே பத்துப் பெண்கள் நட்டு வைத்தது போல நின்றார்கள். கைக்கு வந்த பந்தை வீசினார்கள். கைக்கு வராத பந்து தானாக உருண்டு யாரிடமாவது வரும்வரை காத்திருந்தார்கள். பாதி ஆட்டத்தில் இரண்டுக்குப் பூஜ்யம்.

ஒலிபெருக்கியில் இயக்குநர் பேசினார். “இந்த நிமிடம் வரை காயம், பூஜ்யம். சுளுக்கு, பூஜ்யம். மேலும், கீழே விழும் வீராங்கனை ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து நிற்காவிட்டால் காயமடைந்தவராகப் பதிவு செய்யப்படுவார். இந்தக் காலணி அணிந்தவர் காயமடைய வாய்ப்பில்லை ஆதலால், அப்படிப் பதிவானவரின் பெயர் தேர்வுப் பட்டியலில் இருந்து நீக்கப்படும்.” கைதட்டல் எழுந்தது.

கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது பந்து மகளுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. ஒரு முழம்தான். மற்றவர்கள் விட்டிருப்பார்கள். அவளுக்கு அந்தப் பொறுமை பிறவியிலேயே இல்லை, அம்மா வழி. எட்டினாள். சாய்த்து வைத்த பலகை சரிவது போல நிதானமாகச் சரிந்து, பந்தைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள்.

அடி ஒன்றும் இல்லை. சிரிக்கக்கூடச் செய்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். பளபளவென்று தேய்த்த தரையில் இரண்டு கால்களும் குச்சி போல முன்னால் நீட்டிக்கொண்டன. மடக்கி ஊன்றக் கணுக்கால் விடவில்லை. ஷூவைக் கழற்றினால் தகுதி நீக்கம். பக்கத்தில் நின்றவள் கை கொடுக்கக் குனிந்து, அவளும் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த மற்ற எட்டுப் பேரும் ஒரு அங்குலம் அசையவில்லை. நடுவர் புத்திசாலி, அவரும் சான்று பெற்ற காலணி அணிந்திருந்தார். தூரத்தில் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்து, “ஒரு நிமிஷம் ஆச்சு” என்றார்.

மகளின் சிரிப்பு நின்றது.

எட்டாவது வரிசையில் இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷூக்காரம்மா கம்பியைப் பிடித்து எழுந்தாள். “நான் போறேன், வழி விடுங்க.”

“ஷூவைக் கழட்டிட்டு ஓடு” என்றார் வாத்தியார் மெதுவாக. “ஒரு நிமிஷத்துல போயிடலாம்.”

ஷூக்காரம்மா தன் காலைப் பார்த்தாள். மெரூன் நிறம், புடவைக்கு ஏற்றது, முதல் எண் முத்திரை. இயக்குநரும் அதைப் பார்த்தார்.

“நான் கழட்டினா, நாளைக்கு வேற யார் போடுவா?” என்றாள்.

“அம்மா சொல்றது சரி” என்றார் இயக்குநர். “முறைப்படி இறங்கலாம்.”

படியேறி வந்தவர்கள் யாரும் இறங்குவதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. மடங்காத கணுக்காலோடு முன்பார்த்து இறங்கினால் தலைகுப்புறத்தான் போக வேண்டும். பின்பக்கமாகத்தான் இறங்க முடியும் என்பதை இயக்குநர் முதலில் கண்டுபிடித்தார். ஷூக்காரம்மாவுக்கு வழிவிட வேண்டுமானால் அவளுக்குக் கீழே இருப்பவர்கள் முதலில் இறங்க வேண்டும். அவர்களும் நல்லவர்கள்தான், பாவம் அந்தப் பெண் என்று உச்சுக் கொட்டிக்கொண்டே எழுந்தார்கள். வரிசை வரிசையாக, உதவி செய்வதற்காக, அரங்கம் முழுவதும் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் காற்றில் தொங்கவிட்டுப் படியைத் துழாவியது.

ஷூக்காரம்மாவும் திரும்பி நின்றாள். எதிரே சுவரில், சுளுக்கில்லாச் சமுதாயம் என்று எழுதிய துணி தொங்கியது. அவளுடைய குதிகாலுக்குக் கீழே யாருடைய தலையோ இருந்தது. அந்தத் தலை நகரவில்லை.

“நாலு நிமிஷம்” என்றார் நடுவர்.

முதுகுக்குப் பின்னால், கீழேயிருந்து குரல் வந்தது.

“அம்மா, ஒரு கை குடும்மா. நான் எழுந்து நின்னா போதும்.”