வேண்டாதவர்களை அப்புறப்படுத்தும் மிஷன்

"அன்போடு கொல்கிறோம்" என்று எழுதிவிட்டுப் பூச்சிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏற்கெனவே பதினோரு தாள்கள் கசங்கிக் கிடந்தன.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "கொல்றதுல அன்பு எங்கேங்க வருது?"

"கிறிஸ்தவ நிறுவனம். அன்பு இல்லாம எப்படி?"

"அப்ப கொல்றதை எடுத்துடுங்க."

"அதை எடுத்துட்டா என்ன தொழில் பண்றோம்னு கேப்பாங்களே."

இருபத்திரண்டு வருஷமாகக் கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி எல்லாவற்றுக்கும் மருந்தடிப்பவர் அவர். கடைப் பெயர்ப்பலகையில் மேலே ஒரு சிலுவையும் கீழே மல்லாந்து கிடக்கும் ஒரு கரப்பானும் இருக்கும். எந்தப் பூச்சியின் முன்னும் அவர் தடுமாறியதில்லை. அவரைத் தடுமாற வைத்தது திங்கட்கிழமை ஆலயத்திலிருந்து வந்த கடிதம்.

ஆலயத்து பெஞ்சுகளில் கரையான். மருந்தடிக்க அவரையும் இன்னொரு நிறுவனத்தையும் கேட்டிருந்தார்கள். கடிதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: "சனிக்கிழமை கமிட்டிக்கு வரும்போது உங்கள் மிஷன் பற்றிய விளக்கத்தை எழுதிக்கொண்டு வரவும்."

மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த மகளை வளர்த்தவருக்கு அந்தச் சொல் புதிதில்லை. ஆனால் தனக்கென்று ஒரு மிஷன் இருக்க வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.

நிர்வாகவியல் படிக்கும் மகள்தான் விளக்கினாள். "எல்லாப் பெரிய கம்பெனியும் வெச்சிருக்காங்கப்பா. நாம எதுக்காக இருக்கோம்னு ரெண்டு வரியில சொல்லணும்."

"கரப்பான் இருக்கறதாலதாம்மா நாம இருக்கோம்."

"அதை உயர்வாச் சொல்லணும்."

வேலை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. சொந்த ஆலயத்தில் வெளியாள் வந்து மருந்தடித்த பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எப்படி உட்காருவது என்பதுதான் அவருக்கு உறுத்தியது. பாடகர் குழுவில் வேறு இருக்கிறார். எல்லாரையும் பார்த்து நிற்க வேண்டும்.

மகள் உயர்வாக எழுதிக் கொடுத்தாள்: "தேவன் படைத்த எல்லா உயிர்களையும் மதித்து, தூய்மையான இல்லங்களை உருவாக்குவதே எங்கள் மிஷன்."

"எழுதினா மட்டும் போதாதுப்பா. வேலை செய்யறவங்க அதை உள்வாங்கணும்" என்று சொல்லி, லேமினேஷன் செய்து மருந்து டின்களுக்கு மேலே மாட்டினாள்.

வேலை செய்கிறவர் ஒரே ஒருவர்தான். மருந்து வாடை பட்டாலே தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல் போடுவதால் எல்லாருக்கும் அவர் தும்மல்தான். பதினைந்து வருஷ அனுபவம். செவ்வாய்க்கிழமை காலை பலகை முன்னால் நின்று இரண்டு முறை படித்தார், தலையை ஆட்டிக்கொண்டார், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நன்றாகவே உள்வாங்கியிருந்தார்.

பதினோரு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் அம்மா போன் செய்தார். "உங்க ஆள் கரப்பானை ஒவ்வொண்ணா முறத்துல ஏந்தி ஜன்னல் வழியா விடறார். என்ன ஏதுன்னு கேட்டா, மதிக்கணும்கிறார்."

பதினொன்றேகாலுக்கு அடுத்த வீட்டு அம்மா போன் செய்தார். அவரும் வாடிக்கையாளர்தான்.

பூச்சிக்காரர் தும்மலைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பதினைஞ்சு வருஷமா அடிச்சீங்களே, அப்ப எல்லாம் ஒண்ணும் தோணலையா?"

"அப்ப நம்ம மிஷன் என்னன்னு எனக்குத் தெரியாதே முதலாளி."

பூச்சிக்காரர் பலகையைக் கழற்றினார். யோசித்து ஒரு திருத்தம் செய்தார். மதிப்பு இருக்கட்டும், கூடவே ஜெபமும் இருக்கட்டும். ஜெபித்துவிட்டு அடித்தால் யார் மனசும் உறுத்தாது. "அன்போடும் ஜெபத்தோடும் பூச்சிகளை அனுப்பி வைக்கிறோம்" என்று புதுப் பலகை வந்தது.

புதன்கிழமை தும்மல் மருந்துக் குழாயைப் பிடித்தபடி ஒவ்வொரு கரப்பானுக்கும் தனித்தனியாகக் கண்ணை மூடி ஜெபித்தார். மாலை திரும்பி வந்தபோது டின் நிரம்பியே இருந்தது.

"ஒண்ணு கூடவா அடிக்கலை?"

"ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா அது போயிடுது முதலாளி."

"கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபிங்க."

"அது மரியாதையா இருக்காதுங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்றாவது வரைவு தயாரானது. அனுப்புவது, மதிப்பது என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், "உங்கள் வீட்டில் வேண்டாதவற்றை அன்போடும் ஜெபத்தோடும் அப்புறப்படுத்துகிறோம்" என்று பூச்சிக்காரரே எழுதினார். தும்மல் மட்டும் திருப்திப்படவில்லை.

"மதிக்கணும்னு நேத்து எழுதினீங்க. இன்னைக்கு 'வேண்டாதவற்றை'ன்னு தூக்கிப் போட்டுட்டீங்களே முதலாளி. ஒரு வார்த்தைதானே, மரியாதையா எழுதினா என்ன குறைஞ்சிடப் போகுது?"

இதையாவது கேட்டுக்கொண்டால் ஆள் வேலைக்குப் போவார் என்று பூச்சிக்காரர் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைக்குள் ஊரே பார்க்கட்டும் என்று மகள் அதை வேனின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் ஸ்டிக்கராக ஒட்டிவிட்டாள்: "உங்கள் வீட்டில் இருக்கும் வேண்டாதவர்களை அன்போடும் ஜெபத்தோடும் அப்புறப்படுத்துவதே எங்கள் மிஷன்."

வியாழக்கிழமை காலை வேன் ஒரு மாடி வீட்டு வாசலில் போய் நின்றது. மருமகள் கூப்பிட்டிருந்தாள், சமையலறையில் எறும்பு. முன்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கி வேனைப் படித்தார். முகமூடி போட்ட தும்மல் குழாயோடு இறங்கி, "அம்மா வரச் சொன்னாங்க, எங்க இருக்கு?" என்று பணிவாகக் கேட்டார். மாமியார் எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நாலு மகன்களுக்கும் போன் செய்தார்.

பூச்சிக்காரர் போய்ச் சேர்ந்தபோது நாலு மகன்களும் வேனைச் சுற்றி நின்றிருந்தார்கள். தும்மல் மூடிய கதவின் முன் நின்று, "பயப்படாதீங்கம்மா, வலிக்காது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எறும்புக்காகத்தான் சொன்னாராம்.

கதவு திறக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மருமகள் அதற்குள் தன் பெட்டியைக் கட்டிவிட்டாள். எறும்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வீடு திரும்பியதும் இன்னொரு போன். தெரியாத பெண் குரல், தாழ்ந்து பேசியது. "வேன் பார்த்தேன். மாமனாருக்கும் செய்வீங்களா?"

பூச்சிக்காரர் போனை வைத்துவிட்டு ஸ்டிக்கரைச் சுரண்டப் போனார். பாதிதான் வந்தது. "வேண்டாதவர்களை அன்போடும்" என்பது வண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அவர் மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். "நான் போகலை. எழுதிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க ஒரு வீட்டுக்குப் போனா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"தொட்டில் எங்க இருக்குன்னு பாப்பேன். அப்புறம் குடிக்கற தண்ணியை மூடி வைப்பேன்."

"ஏன்?"

"குழந்தை தவழுற தரைம்மா அது. கண்ட இடத்துல அடிக்க முடியுமா?"

"அதை எழுதுங்க."

எழுதினார். அரைப் பக்கம் வந்தது. அதில் தேவன் ஒரு தடவைதான் வந்தார், அன்பு வரவே இல்லை. எழுதி முடித்தபின் மூக்கைச் சிந்திக்கொண்டார். தும்மல் அதைப் படித்துவிட்டு, "இப்ப அடிக்கலாம் முதலாளி" என்றார்.

சனிக்கிழமை ஆலய அலுவலகத்தில் கமிட்டி கூடியது. நீள மேசைக்குப் பின்னால் போதகர், செயலாளர், பொருளாளர் அம்மா, இன்னும் இரண்டு பேர். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு ஆலயத்துக் காவலாளி. பூச்சிக்காரர் எழுந்து நின்றார். தாளை விரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

"யாரோ ஒருத்தர் முழங்கால் போடுற இடத்துல வேலை செய்யறோம்கிறதை நான் மறக்க மாட்டேன்" என்ற கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொருளாளர் அம்மா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். செயலாளர் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தார், பூச்சிக்காரரைப் பார்த்தார், மறுபடி நகலைப் பார்த்தார். அவர் மனம் நெகிழ்ந்துவிட்டதாகப் பூச்சிக்காரர் நினைத்தார்.

கடைசியில் வாசலிலிருந்து காவலாளிதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாம் நல்லா இருந்துச்சுங்க ஐயா. ஆலயத்துல ஒரே ஒரு பிளக்பாயிண்ட்தான் இருக்கு, அதனாலதான் எழுதிட்டு வரச் சொன்னோம். உங்க மருந்தடிக்கிற மிஷன் கரண்ட்ல ஓடுதா, பெட்ரோல்ல ஓடுதா?"