மீசை இல்லாமல் மலேசியா

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை ஒருமுறை அதிகாரிகள் முன்னால் நிரூபிக்க வேண்டி வந்தது. முதல் முயற்சியில் தோற்றுப்போனேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றிருக்கிறேன், இங்கிலீஷில் தோற்றிருக்கிறேன். உயிரோடு இருப்பதில் தோற்றது அதுதான் முதல் தடவை.

என் பெயர் நாகராஜ். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு களத்தில் தேங்காய் உரிக்கிறேன். (ஒரு நாளைக்கு எத்தனை காய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பெருமை பீற்ற ஆரம்பித்துவிடுவேன்.) எட்டாவதோடு நான் நின்றுகொண்டேன். எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய படிப்பு மொத்தத்தையும் அக்கா சுமதி எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகி மச்சானோடு கோலாலம்பூர் போய்விட்டாள். அம்மா எங்கள் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், அக்காவின் தலைப்பிரசவத்துக்கு அப்பாவும் நானும் போவது என்று ஏற்பாடு.

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ஸ்டுடியோவில், ஒரே வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தோம். "சிரிக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டானுங்களே கண்ணு, எனக்கு இன்னிக்குத்தான் சிரிப்பு வருது" என்றார் அப்பா.

டிக்கெட் போட்ட பத்தாம் நாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அக்காவுக்கு ஒன்பதாவது மாதம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். அப்பாவை எடுத்ததை அவள் என் செல்போனில்தான் பார்த்தாள். நான் ஒரு கையில் கொள்ளிச் சட்டி, ஒரு கையில் போன். அப்பாவின் முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது பாதிதான். மீதிப் பாதியை என் கட்டைவிரல் மறைத்திருந்தது. அப்புறம் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. தினமும் மூன்று வேளை கூப்பிட்டு, "சாப்டியா? கதவச் சாத்தினியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஒருநாள் மச்சான் தனியாக போன் போட்டார்.

"மாப்ள, உங்கக்கா அழுவ மாட்டீங்குது. இப்பவோ அப்பவோன்னு வயித்த வெச்சுக்கிட்டு, சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது. எனக்கு பயமா இருக்குது. எப்படியாச்சும் வந்து சேந்துரு."

கருமாதி முடிந்த நான்காம் நாள் கிளம்பினேன்.

இந்த இடத்தில் என் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் படத்தில் இருப்பவனுக்கு ஒரு குருவிக் குடும்பம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும்படியான முடி. மீசையைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர்களே அதைத் திரும்பிப் பார்ப்பார்கள். விமானம் ஏறியவனுக்கோ இரண்டுமே இல்லை. அப்பாவுக்குக் காரியம் செய்தவன், வழித்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் நான் காலமெல்லாம் உரித்த காய்கள் ஒன்றுசேர்ந்து என்னைப் பழிவாங்கியது போல இருந்தது. இரண்டு காதுகளும் அவ்வளவு பெரியவை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

திருச்சியில் விமானம் ஏறும்போது அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார்.

"அப்பாவா, அம்மாவா?"

"அப்பாங்க."

"ப்ச்." முத்திரை குத்திவிட்டார்.

அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு மொட்டைத் தலையை, அதுவும் மீசையும் சேர்ந்து போன மொட்டைத் தலையை, யாரும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

கோலாலம்பூரில் கவுண்டரில் இருந்த அதிகாரி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படம். மறுபடி நான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டி விரலை வைக்கச் சொன்னார்.

வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி சிவப்பு. எனக்கு ஆச்சரியமே இல்லை. பத்து வருடமாக நார் இழுத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? எங்கள் ஊர் ரேஷன் கடையிலும் இதே கதைதான். அங்கே உள்ள அக்கா, "தலையில ஒரு தேய்ப்புத் தேச்சுப்போட்டு வைங்க தம்பி" என்பார். முடியில் உள்ள எண்ணெய் ஒட்டினால் ரேகை விழும். பழக்க தோஷம், கை தானாகத் தலைக்குப் போய்விட்டது. பளபளவென்றிருந்த மண்டையில் விரலைப் பரபரவென்று தேய்த்துவிட்டு, கண்ணாடியில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தேன். சிவப்பு. அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்து, "பொன்னுசாமி?" என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

(என்னைத் திட்டாதீர்கள். நமக்கெல்லாம் அப்பா பெயர்தான் பாஸ்போர்ட்டில் பின்னால் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இருபத்தாறு வருடமாக அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் வந்து நிற்பது அவர்தானே? இருபது நாளில் அது எப்படி மாறும்?) பின்னால் ஒரு சீனப் பாட்டி நின்றிருந்தார். அப்பா இல்லை. நான் இந்தப் பக்கம் திரும்பியபோது, தன் பெயரைச் சொன்னால் வேறு ஆளைத் தேடுகிறவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி அந்த அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் சொல்லிக் கொடுத்திருந்த இங்கிலீஷ் மூன்று வரி: அக்கா பிரசவம், இருபது நாள், ரிட்டர்ன் டிக்கெட். இதற்கு அதில் பதில் இல்லை. நானே சொந்தமாக ஒன்று செய்தேன்.

"மை ஃபாதர் டெட் சார். சோ ஹேர் நோ. மீசை ஆல்சோ நோ."

அப்பா செத்ததற்கும் முடி போனதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிப்பது நெற்றியில் தெரிந்தது. உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் யோசனை வந்த நாட்கள் எதுவுமே நன்றாக முடிந்ததில்லை.) செல்போனில் அப்பாவுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

அந்த ஃப்ளெக்ஸ் என் நண்பன் பிரபு செய்தது. அப்பா படம் ஒரு வட்டத்தில். பக்கத்தில் துக்கத்தில் இருக்கும் மகன் என்று என் படம் இன்னொரு வட்டத்தில். இரண்டும் ஸ்டுடியோவில் எடுத்த அதே பாஸ்போர்ட் படங்கள், ஒரே அளவு. நடுவில் குத்துவிளக்கு. மாலை டிசைன் ஒன்றுதான் நன்றாக இருந்ததாம், அதைப் பெரிதாக இழுத்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டான். அது ரோட்டோரம் கட்டியிருந்தபோதே, பஸ்ஸில் போன ஒருவர் தலையை நீட்டி, "அடப்பாவமே, ரெண்டு பேருமா? ஆக்சிடென்ட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதை அப்போதே நான் மண்டையில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அதிகாரி போனை வாங்கினார். ஃப்ளெக்ஸில் ஒரு முகத்தில் விரலை வைத்தார். பாஸ்போர்ட் படத்தில் விரலை வைத்தார்.

"சேம்?"

"யெஸ் சார்! சேம் சேம்!" அப்பாடா, புரிந்துகொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மாலையைச் சுற்றிக் காட்டினார். "டெட்?"

"யெஸ் சார். டெட்."

அவர் விரல் இருந்தது என் முகத்தின் மேல். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் படத்தை வைத்த நாளிலிருந்து அதில் எனக்கு அப்பா முகம் ஒன்றுதான் தெரியும்.

அப்படியாக, செத்துப்போன ஒருவனின் பாஸ்போர்ட்டைத் திருடிக்கொண்டு வந்த மொட்டையனாக நான் ஓர் அறையில் உட்கார வைக்கப்பட்டேன். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே இருந்த ஒருவர் சைகையில் சொன்னார். கையை விமானம் மாதிரி வைத்து, வாசலில் இருந்து வடக்கே பறக்கவிட்டுக் காட்டினார். எனக்கு ஜெயில் என்றால்கூடப் பரவாயில்லை. வெளியே அக்கா காலையிலிருந்து நிற்கிறாளே என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம், நானும் வராமல் போனால்?

அரை மணி கழித்துத் தமிழ் பேசும் ஓர் அதிகாரி வந்தார். கலா மேடம் என்றார்கள். அவர் ஃப்ளெக்ஸை நிதானமாகப் படித்தார்.

"தம்பி, இதுல காலமானவரு பேரு பொன்னுசாமி. பாஸ்போர்ட்லயும் பொன்னுசாமி. அப்ப நீங்க யாரு?"

"பொன்னுசாமி பையனுங்க மேடம்."

"உங்க பேரு?"

"நாகராஜ் பொன்னுசாமிங்க."

"கீழ என்ன போட்டிருக்கு பாருங்க. 'கண்ணீருடன், நாகராஜ் நண்பர்கள் குழு.' நாகராஜோட நண்பர்கள் அழறாங்கன்னா, போனது நாகராஜ்தானே?"

"அய்யோ, இல்லீங்க மேடம்! நாகராஜ் நாந்தானுங்க! பசங்க எனக்காக அழுதாங்க, நாஞ் செத்ததுக்கு இல்லீங்க, எங்கப்பா செத்ததுக்கு நான் அழுவறனேன்னு அழுதாங்க!"

பேசப் பேச நானே கொஞ்சம் கொஞ்சமாக இறந்துகொண்டிருந்தேன்.

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். "மொட்டையடிச்சவருக்கு எதுக்கு சீப்பு?"

"பழக்கமுங்க" என்று எடுத்தேன். எடுத்த கையோடு அடுத்த யோசனை வந்துவிட்டது. கறுப்புச் சீப்பு. பல் கீழே பார்க்க மூக்குக்கு அடியில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாருங்க மேடம், அதே ஆளுதானுங்களே?" என்றேன். கூடவே வந்திருந்த கவுண்டர் அதிகாரி அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்பட்டை மட்டும் குலுங்கியது.

கலா மேடம் அதற்குள் என் போனிலிருந்து அக்காவுக்கு வீடியோவில் கூப்பிட்டுவிட்டார்.

"சுமதிங்களா? பதட்டப்படாதீங்க. உள்ள ஒருத்தரு இருக்காரு, உங்க தம்பிதானான்னு பாத்து மட்டும் சொல்லுங்க."

போனை என் பக்கம் திருப்பினார். என் கையிலிருந்த சீப்பு இன்னும் மூக்குக்கு அடியில்தான் இருந்தது.

அக்கா என் மொட்டையை அதுவரை பார்த்ததே இல்லை. காரியம் முடிந்ததிலிருந்து நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் போனில் பேசுவேன். இப்போது முழுசாகப் பார்த்தாள். மொட்டை, காது, கண் நிறைய தண்ணீர், சீப்பு மீசை.

அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். தொண்டையில் ஆரம்பிக்காமல் நேராக வயிற்றிலிருந்து. போன் ஆடியது. கூரை தெரிந்தது, மச்சானின் சட்டை தெரிந்தது.

"என்னம்மா, தம்பியா இல்லையா?" என்றார் மேடம்.

"டேய்... உரிச்ச காயாட்டம்... அந்தக் காதப் பாருங்க..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

மச்சான் குரல் பதறியது. "ஏனுங்க மேடம், என்னுங்க பண்ணுனீங்க? இருவது நாளா அழுகையுமில்ல சிரிப்புமில்லாம இருந்துச்சுங்க, இப்பிடிச் சிரிக்குது?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் மாறினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "அப்பா பாக்கலியேடா உன்ன, அப்பா பாத்திருந்தா" என்றாள். அப்புறம் அழுகைதான். கூட்டம் நிறைந்த இடத்தில், ஒன்பது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். சீப்பைக் கீழே இறக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

கவுண்டர் அதிகாரி மெதுவாக ஏதோ கேட்டார். மேடம் எனக்குச் சொன்னார்: "தம்பின்னு அவங்க இன்னும் சொல்லலியேன்னு கேக்கறாரு."

பிறகு அவர் பக்கம் திரும்பி அவர் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன்.

"எனக்கும் ஒரு தம்பி இருக்கான், இந்தச் சிரிப்ப அக்காவத் தவிர யாரும் சிரிக்க முடியாதுன்னு சொன்னேன்."

அது சட்டத்தில் செல்லாது போல. காதின் வடிவம், தாடைத் தழும்பு எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் படத்தோடு ஒப்பிட்டார்கள். பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்ததில் இடது சுண்டுவிரல் மட்டும் பச்சை விளக்கு காட்டியது. முத்திரை விழுந்தது.

வெளியே அக்கா என் தலையில் கை வைத்தாள். எடுக்கவே இல்லை. கார் வரைக்கும், கார் ஓடும்போதும் அந்தக் கை அங்கேயே இருந்தது. ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ஒற்றை முடி இல்லாமல் பிறந்ததால், என்னைப் பார்த்து அது மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது முடி வளர்ந்துவிட்டது, மீசையும் பழைய கம்பீரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பிரபுவிடம் சண்டை போட்டேன். "உம் படமும் நல்லா வந்துச்சுடா, சின்னதாக்க மனசு வல்ல" என்கிறான். ஆனால் எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை நான் போய்ச் சேர்ந்தவன்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மச்சான் போனை எடுத்தவுடன் கேட்பார்.

"மாப்ள, மேல சௌரியமெல்லாம் எப்பிடி?"

"பரவால்லீங்க மச்சான். மேகந்தான் அப்பப்ப சிக்னல மறைக்குது."

சில மாதம் முன்பு இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"அப்பா பக்கத்துல இருந்தா குடுக்கச் சொல்லுங்க."

மச்சான் போனை அவளிடமே நீட்டிவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருந்தால் அக்கா மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள் என்று பயம்.

"இப்பத்தான் டீ குடிக்கப் போனாருக்கா" என்றேன்.

சிணுங்கிய குழந்தையை அவள் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"சக்கரை கம்மியாப் போடச் சொல்லுடா" என்றாள்.